பேங்க் விற்பதாலேயே பிட்காயின் டெபாசிட் ஆகிவிடாது

ஸ்பெயினில் பிபிவிஏ வங்கி 2025-ல் முறையான அனுமதி வாங்கி, பிட்காயினையும், ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தையும் தன் மொபைல் ஆப்பிலேயே சாதாரண வாடிக்கையாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் சோஃபை வங்கியும் அதே வருடம் இறங்கியது. நம் வங்கிகள் இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எத்தனையோ. அங்கிருந்து அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, வரும் போன் பேச்சு மாறிவிட்டது. "பேங்க்கே விக்குது அப்பச்சி, பயப்பட என்ன இருக்கு?"

எனக்கு அந்தப் பேச்சுதான் பயமாக இருக்கிறது.

2024-ல் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் சுமார் 23 கோடி டாலர் திருட்டுப் போனதே, அந்த மாதிரி ஆபத்து வங்கி வந்தால் குறையலாம். சரி, விலை விழுந்தால்? 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே போனது. எங்கே வாங்கியிருந்தாலும் நஷ்டம் ஒன்றுதான். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு; இதற்கு ஒரு ரூபாய் கிடையாது. லாபம் வந்தால் 30 சதவீதம் வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

பெயரை நம்பிக் காசை விட்ட கதை நமக்குப் புதிதில்லை. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தபோது, வெள்ளைக்காரர் நிறுவனம் என்று நம்பிப் போட்டவர்கள் தவித்துப்போனார்கள். அந்த அடிக்கு அப்புறம்தான் 1907-ல் நகரத்தார் பங்களிப்போடு இந்தியன் வங்கி பிறந்தது. அவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2020-ல் யெஸ் வங்கியின் ஏடி1 பத்திரங்கள் (வங்கி நொடிந்தால் போட்ட முதலே போய்விடக்கூடிய கடன் பத்திரங்கள்) 8,400 கோடி ரூபாய்க்கு மேல் பூஜ்யமாக்கப்பட்டன. எஃப்டி மாதிரிதான், வட்டி மட்டும் கூட என்று சொல்லி விற்றார்கள் என ஓய்வுபெற்றவர்கள் பலர் புகார் சொன்னார்கள். கவுன்டரில் இருக்கிறவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மாதாமாதம் டார்கெட் இருக்கிறது, நமக்கு அவர் முகத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது. இரண்டும் சேர்கிற இடத்தில்தான் கையெழுத்து விழுகிறது.

அதனால் நாளை இங்கேயும் அனுமதி வந்தால், டெபாசிட் பார்க்கும் ஊழியருக்குக் கிரிப்டோ டார்கெட் வைக்கவே கூடாது. ஆப்பில் எஃப்டி பட்டனுக்குப் பக்கத்தில் இது உட்காரக் கூடாது. சிங்கப்பூரில் சில்லறை முதலீட்டாளரைப் பரிசு காட்டி இழுக்கவும், கடன் கொடுத்து வாங்க வைக்கவும் தடை இருக்கிறது. நம் ரிசர்வ் வங்கி அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி தங்கைகளே, ஆசை இருந்தால் உங்கள் சம்பளத்தில் வாங்குங்கள். அப்பச்சியின் எஃப்டியை உடைக்கச் சொல்லாதீர்கள்.