பழைய ரக ஆப்பிள் விதையை நட்டால் அதே பழம் வருமா?

"அரிய பழைய ரக ஆப்பிள் கிடைத்தால் விதையை நடுங்கள், மூன்றே ஆண்டில் அதே பழம் காய்க்கும்" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது உண்மையல்ல. நம்பி நடுபவர்களின் பல ஆண்டு உழைப்பு வீணாகிறது என்பதுதான் வருத்தம்.

ஆப்பிள் பூ பெரும்பாலும் தன் ரகத்தின் மகரந்தத்தை ஏற்காது. வேறு ரக மரத்திலிருந்து தேனீக்கள் கொண்டுவர வேண்டும். அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. ஒரே பழத்தின் ஐந்து விதைகள் ஐந்து விதமான மரங்களாகும்; பலவற்றின் பழம் சிறுத்துப் புளிக்கும். அபூர்வமாக நல்லதும் அமையும். இங்கிலாந்தின் சவுத்வெல்லில் 1809-இல் ஒரு சிறுமி விதைத்த மரம்தான் பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் ரகத்தின் தாய்மரம். ஆனால் அந்த ரகம் இன்றுவரை நீடிப்பது ஒட்டுக்கட்டுவதால்தான் (அதன் குச்சியை வேறு செடியின் தண்டில் பொருத்தி வளர்ப்பதால்தான்), விதையால் அல்ல.

மூன்று ஆண்டுக் கணக்கும் தவறு. விதைக்கன்று காய்க்க 6 முதல் 10 ஆண்டு, சில நேரம் அதற்கும் மேல் ஆகும். எம்9 போன்ற குட்டை வேர்ச்செடியில் (ஒட்டு மரத்துக்கு வேராக அமைந்து, அதைக் குட்டையாக வைக்கும் செடி) ஒட்டிய மரம் 2, 3 ஆண்டில் காய்க்கும். ஆனால் அதற்கு ஆயுள் முழுக்க முட்டுக்கம்பு தேவை.

சரி, விதை ஏற்கெனவே முளைத்துவிட்டதா? பிடுங்க வேண்டாம். தண்டு பென்சில் பருமனானதும், குளிர்காலத்தில் வெட்டிய விரும்பிய ரகத்தின் குச்சியை வசந்தத் தொடக்கத்தில் அதிலேயே ஒட்டலாம். மரம் பெரிதாக வளரும், இடம் விடுங்கள்.