ஒழுகும் நாளங்களை வளர்த்து என்ன பயன்?

பக்கவாதத்தில் பாதித்த மூளைக்குள் புதிய ரத்த நாளங்களை வளரச் செய்யும் ஊசி வந்துவிட்டதாக ஒரு காணொளி. ஒரே வாரத்தில் மூன்று பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

ரத்தம் தடைபட்ட மூளைத்திசு சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்ததும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை, அதாவது நாளங்களை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. அருகிலுள்ள நுண்நாளங்கள் கிளைவிடத் தொடங்குகின்றன. அப்படியானால் அந்தக் காரணியையே வெளியிலிருந்து ஏற்றிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தப் புரதத்தின் பூர்வீகத்தை யாரும் சொல்வதில்லை. 1983இல் செங்கர், டுவோரக் குழுவினர் அதைக் கண்டறிந்தபோது வைத்த பெயரே 'நாளக் கசிவுக் காரணி'. அது நாளங்களை வளர்க்கவும் செய்கிறது என்பது 1989இல்தான் தெளிவானது. வளர்ப்பதும் ஒழுகவிடுவதும் ஒரே கை!

எலிகளில் 2000இல் வெளியான ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. அடைப்பு ஏற்பட்டு ஒரு மணி நேரத்தில் விஇஜிஎஃப் கொடுத்தபோது ரத்தத்திலுள்ளவை மூளைக்குள் கண்டபடி நுழையாமல் காக்கும் தடுப்பரண் இளகிக் கசிவு கூடியது, ரத்தக்கசிவும் அதிகரித்தது. 48 மணி நேரம் கழித்துக் கொடுத்த எலிகளிலோ புதிய நாளங்கள் பெருகின, நடமாட்டமும் தேறியது. மருந்து அதேதான், கொடுத்த நேரம்தான் வேறு. மனிதர்களில் எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு வகை வளர்ச்சிக் காரணியைப் பக்கவாதம் வந்த சில மணி நேரத்துக்குள் செலுத்திப் பார்த்த சோதனைகளும் பாதியில் நிறுத்தப்பட்டன. அதற்குக் காரணம் சீக்கிரமே கொடுத்தது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் இறக்கியது.

இன்னொன்று, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது. மோயாமோயா நோயில் மூளைக்குச் செல்லும் பெருந்தமனிகள் மெல்ல மெல்லக் குறுகுகின்றன. ஈடுகட்ட உடலே நுண்நாளங்களைப் பின்னிக்கொள்கிறது. ஆஞ்சியோகிராமில் அவை புகைமூட்டம்போலத் தெரியும். 1969இல் ஜப்பானிய மருத்துவர்கள் சுஸுகியும் டாக்காக்குவும் வைத்த 'மோயாமோயா' என்ற ஜப்பானியப் பெயரின் பொருளும் அதுதான். நாளங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மெல்லிய சுவர் அழுத்தம் தாங்காமல் சில வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிகிறது.

ஆகவே இனி யாராவது 'புதிய நாளம்' என்றால், அதன் சுவரைப் பெரிசைட் செல்கள் சூழ்ந்து இறுக்கினவா என்று கேட்பேன். கிளைவிடச் செய்வது விஇஜிஎஃப் என்றால், ஆஞ்சியோபாய்ட்டின்-1 போன்ற வேறு புரதங்கள் வந்துதான் அதை நிலைநிறுத்த வேண்டும்.

மோயாமோயாவுக்கு அறுவை மருத்துவர்கள் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. தலைத்தோலிலுள்ள தமனியை அதன் ரத்த ஓட்டம் அறாமல் பிரித்து மூளையின் மேற்பரப்பில் படுக்கவைத்துத் தைத்துவிடுகிறார்கள். ஊசியில் எதையும் ஏற்றுவதில்லை. ரத்தத்துக்கு ஏங்கும் மூளை, அந்தத் தமனியிலிருந்து தனக்கு வேண்டிய கிளைகளைச் சில மாதங்களில் இழுத்துக்கொள்கிறது.