லைக் போட்டாயிற்று, இப்போது விடுவீர்களா?

படம் போட்ட அடுத்த நிமிடமே தனிச்செய்தி வருகிறது: "பார்த்தீங்களா?" பார்த்தேன். "அப்புறம் ஏன் லைக் போடல?" லைக் என்ன நான் வாங்கித் திருப்பித் தராத கடனா, வாசலில் நின்று வசூலிக்க?

2009-இல் ஃபேஸ்புக் அந்தக் கட்டைவிரலைக் கொண்டுவந்தது. 2015-இல் ட்விட்டர் நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டு இதயத்தை வைத்தது. விரலும் போச்சு, இதயமும் போச்சு. லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை 2021-இல் இன்ஸ்டாகிராம் எல்லோருக்கும் கொடுத்தது. எனக்குத் தெரிந்து ஒரு ஜீவனாவது மறைத்ததா? நிர்வாணமாக நிற்கச் சொன்னால்கூட நிற்பார்கள், எண்ணிக்கையை மறைக்க மாட்டார்கள்.

சிரிப்புக்கு ரீடேக். சரி, போகட்டும். அழுகைக்குமா ரீடேக்? "கண்ணீர் சரியாத் தெரியல, இன்னொரு தடவை." இரங்கல் பதிவு என்று போய்ப் பார்த்தால், இறந்தவர் ஓரத்தில் பாதி முகமாக இருக்கிறார், எழுதியவர்தான் நடுவில் பளிச்சென்று நிற்கிறார். உதவி வாங்குகிறவர் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, கேமரா சரியாகும்வரை காத்திருக்க வேண்டும். பசி காத்திருக்கும், வெளிச்சம் காத்திருக்குமா?

இதில் உச்சம், விடைபெறும் பதிவு. "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன், என்னைத் தேடாதீர்கள்." யார் தேடினார்கள்? "போகாதீங்க" என்று எத்தனை பேர் கெஞ்சினார்கள் என்று எண்ண, மாலைக்குள் அவரே திரும்பி வந்துவிடுகிறார். கூடவே எனக்கொரு தனிச்செய்தி: "நான் போனதை நீங்க கவனிக்கவே இல்லையே?"