கப்பல் அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போங்கள்
கரீபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவில் திருக்கை மீன்களோடு நீந்தக் காலை பத்து மணிப் படகே வசதி என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தீவின் துறைமுகமான ஜார்ஜ் டவுனில் சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் அந்த நேரத்துக்குத்தான் படகுகள் எல்லாம் திருக்கைகள் கூடும் மணல்திட்டில் குவியும். முதல் தடவை நாங்கள் அப்படிப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் ஆட்களின் கால்களையும் கலங்கிய மணலையும்தான் பார்த்தோம்.

எந்த நாளில் எத்தனை கப்பல் என்று துறைமுக ஆணையம் முன்கூட்டியே இணையத்தில் போடுகிறது. அடுத்த முறை கப்பல் இல்லாத நாளாகப் பார்த்து, முதல் படகிலேயே போனோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஒரு பெரிய திருக்கை என் மகளின் முழங்காலை உரசிக்கொண்டு போனது, வெல்வெட் துணி மாதிரி இருந்ததாம். மீனவர்கள் அங்கே மீன் அரிந்து கழிவைக் கொட்டியதில் மனிதருக்குப் பழகிய மீன்கள் அவை. படத்துக்காகக்கூடத் தண்ணீரை விட்டுத் தூக்காதீர்கள்.