ஊரணிக்கு எத்தனை புள்ளி?

போன பங்குனியில் எங்கள் ஊர் ஊரணியைப் பற்றி இங்கே ஒரு பதிவு போட்டது சிலருக்கு நினைவிருக்கும். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான் எங்கள் ஊர். படித்துறை முழுக்கச் சீமைக்கருவேலம், நடுவில் பச்சை நுரை, ஓரத்தில் கல்யாண எச்சில் இலை. இரண்டே நாளில் 1,300 ஷேர். சிங்கப்பூரிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் "மனசு வலிக்குது" என்று கமெண்ட். ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்கு வந்தவர்கள் 11 பேர். அதில் மூன்று பேர் படம் எடுத்துக்கொண்டு டிபனுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பதிவு இல்லாவிட்டால் மிச்சம் எட்டுப் பேரும் வந்திருக்க மாட்டார்கள். ஆனால் ஃபேஸ்புக்கிலேயே ஊரைத் திருத்திவிடலாம் என்று தம்பிகள் பேசும்போது எனக்கு நெருடுகிறது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு நானும் மெரினாவுக்குப் போனேன். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவன், வீட்டில் உட்கார முடியுமா? வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியை நம்பித்தான் பஸ் ஏறினேன். எங்களுக்குத் தலைவரே இல்லை என்பதுதான் அன்றைக்குப் பெருமை. 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்தது. "சரி, போதும், கிளம்புவோம்" என்று சொல்லவும் ஆள் இல்லை, போதாது என்று அரசோடு உட்கார்ந்து பேசவும் ஆள் இல்லை. 23-ம் தேதி காலையில் போலீஸ் வந்து கலைத்தது. அன்று சாயங்காலமே சட்டசபையில் மசோதா நிறைவேறியது.

செட்டிநாட்டில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் திருப்பணி என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போயிருந்தாலும் புள்ளி புள்ளிதான். நான் அந்தச் சமூகம் இல்லை, அந்தக் கணக்கில் எங்கள் மாதிரி ஆட்களுக்கு இடமும் கிடையாது. இருந்தாலும், யார் நம்மோடு இருக்கிறார்கள் என்று பெயரெழுதி வைக்கிற அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும். லைக் போட்ட ஆளை நான் எந்தப் புள்ளியில் எழுதுவது?

அப்புறம், நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். எச்சில் இலையைக் கொட்டுவது யார் என்று கமெண்டில் விசாரணை நடந்தது. ஊரை விட்டுப் போய் இருபது வருஷமான ஒருவர், கரையோர டீக்கடைக்காரர்தான் என்று எழுதினார். நானும் யோசிக்காமல் அதற்கு ஒரு லைக் போட்டேன். பொழுது சாய்வதற்குள் கடைப் படம், வசவு, சாதிப் பேச்சு வரை போய்விட்டது. கொட்டியது ஒரு கல்யாண மண்டபத்து டிராக்டர் என்பதை மறுவாரம் கண்ணால் பார்த்தோம். மறுப்புப் பதிவு போட்டேன். அதற்கு ஒன்பது ஷேர்.

கடைக்குப் போய், "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன். அவர் நிமிரவில்லை. கழுவிய கிளாஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். டீ போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மழைத்தண்ணீர் ஏன் ஊரணிக்கு வருவதில்லை என்பதைச் சொன்னது, போனில் பேச மட்டுமே தெரிந்த ஒரு ஆச்சி. "வரத்துக்கால் அந்தச் செவத்துக்கு அடியில கெடக்கு, தோண்டிப் பாருங்கப்பா." தோண்டினோம். முழங்கால் ஆழத்தில் செம்புறாங்கல் வரிசை தெரிந்தது. சுவரை எடுக்கச் சொல்லி மனுவோடு அலைந்தது தனிக் கதை. மே 1 கிராம சபைக்கு அறுபது பேரைக் கூட்டிப் போனோம். தீர்மானம் நோட்டில் ஏறியது. ஆள் கூட்ட வாட்ஸப் குழுதான் உதவியது, மறுக்கவில்லை. தினமும் ரசீதைப் படம் எடுத்துப் போட்டதால் வெளிநாட்டுக்காரர்களும் பணம் அனுப்பினார்கள். "மனசு வலிக்குது" டல்லாஸ்காரர் ஜேசிபி வாடகையில் பாதியை ஏற்றுக்கொண்டார். அவர் பெயரை நோட்டில் எழுதியாயிற்று.

வெட்டிய கருவேலம் மறுபடி துளிர்த்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் வேரோடு எடுக்க வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணி, கீழக்கரைப் படித்துறை. மண்வெட்டி நாலுதான் இருக்கிறது, வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். படம் எடுப்பது எட்டு மணிக்கு மேல். டீ அண்ணன் கடையில்தான், காசு கட்டாயம் கொடுத்துவிடுங்கள்.