ஒன்றரை ஜிபிக்குள் ஒரு குடிபெயர்ப்பு

நேற்று நள்ளிரவு 12 மணி 51 நிமிடத்துக்கு என் மடிக்கணினித் திரையில் ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’, அதாவது இறக்கிய கோப்பு சரியில்லை, என்று ஒரு வரி வந்து நின்றது. இந்த வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் அடுத்த பத்திகளைப் படிக்காமலேயே என்னோடு சேர்ந்து அழலாம்.

பழைய வன்தட்டு கரகரக்கத் தொடங்கியதால் புதிய எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவினேன். நிறுவல் கோப்பைக் கோவையிலிருக்கும் தம்பி பென்டிரைவில் கொடுத்தனுப்பியிருந்ததால் அதுவரைக்கும் சுகமாகவே இருந்தது. எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ், படங்களைத் திருத்த கிம்ப், பழைய நூல்களின் பக்கப் படங்களை எழுத்தாக்கித் தரும் டெசராக்ட், பக்க வடிவமைப்புக்கு டெக் லைவ் என்று நான் ஆண்டுக்கணக்கில் சேர்த்த மென்பொருள்கள் அனைத்தும் பழைய தட்டில், என் கைக்கு ஒரு சாண் தொலைவில், இன்னமும் உயிரோடுதான் இருக்கின்றன. அந்த ஒரு சாண் தூரத்தைக் கடப்பதற்கு அவை எங்கோ இருக்கும் ஒரு சேமிப்பகத்திலிருந்து புறப்பட்டு, மலையுச்சிக் கோபுரத்தின் வழியாக என் கைப்பேசியில் இறங்கி, அங்கிருந்து மடிக்கணினிக்கு வந்து சேர வேண்டுமாம்.

இறக்கிய பொதிகளெல்லாம், அதாவது மென்பொருள்களைக் கட்டி அனுப்பும் கோப்புகளெல்லாம், ஒரு கோப்புறையில் பத்திரமாகத் தங்கியிருக்கும், அதை நகலெடுத்தால் போதும் என்பது நான் வெகுகாலத்துக்கு முன் கற்று வைத்திருந்த ஞானம். திறந்து பார்த்தேன். ‘லாக்’ என்றொரு வெற்றுக் கோப்பும் ‘பார்ஷியல்’ என்றொரு வெற்றுக் கோப்புறையும் இருந்தன. மென்பொருளை இறக்கி நிறுவும் கட்டளையை ‘ஆப்ட்-கெட்’ என்று முழுதாகத் தட்டச்சு செய்கிறவர்களுக்குப் பொதிகள் தங்குமாம். ‘ஆப்ட்’ என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறவர்களுக்கு, நிறுவி முடித்த கையோடு அவை துடைத்தெறியப்படுமாம். நான்கு விசைகளை மிச்சம் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. தங்கியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது, அவை பழைய தட்டிலிருந்த டெபியன் 12ஆம் பதிப்பின் நூலகங்களை, அதாவது துணை நிரல்களை, நம்பிக் கட்டப்பட்டவை என்று பிறகு ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். இந்த ஆறுதலை நான் கேட்கவில்லை.

நிறுவியிருந்த பொதிகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒரே கட்டளையில் எடுத்துவிட முடிந்தது. குடும்ப அட்டை கைக்கு வந்துவிட்டது. அரிசி மட்டும் கடைக்கு வரவில்லை.

வால்பாறையில் என் வீட்டுக்கு இணையம் என்றால் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அது தீர்ந்த பிறகு நொடிக்கு 64 கிலோபிட் என்ற கருணைத் தொகை தருவார்கள். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்குவதற்கு ஏறத்தாழ 35 மணி நேரம் ஆகும்; அதற்குள் மறுநாள் பிறந்து, புதிய ஒதுக்கீடும் வந்துவிடும். ஆகவே, இராக்கோழிபோல விழித்திருந்து நள்ளிரவு 12 மணிக்குப் பிறக்கும் புதிய டேட்டாவைப் பிடிப்பதே இங்கே வழக்கம். கைப்பேசியைச் சன்னலின் இடது மூலையில், சற்றே சாய்த்து, ஒரு தம்ளரில் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதையும், வலது மூலையில் வைத்தால் ஒரு கோடு குறையும் என்பதையும் அனுபவத்தில் கண்டறிந்திருக்கிறேன்.

நேற்று 12 மணி 4 நிமிடத்துக்குக் கட்டளையைக் கொடுத்தேன். இறங்க வேண்டியது டெக் லைவின் எழுத்துருத் தொகுப்பு. அது ஒன்று மட்டுமே ஏறக்குறைய அரை ஜிபி. நொடிக்கு 200 கேபி வேகத்தில், நான் மூச்சுக்கூடப் பலமாக விடாமல் பார்த்துக்கொண்டிருக்க, அது 60, 70, 80 என்று ஏறியது. 88 சதவீதத்தில் கைப்பேசியின் இரண்டாவது சிம்முக்கு அமெரிக்காவிலிருந்து சித்தி அழைத்தார். அவருக்கு அப்போது பட்டப்பகல். இரண்டாவது சிம் பேசத் தொடங்கினால் முதல் சிம்மின் டேட்டா செத்துவிடும் என்பது இரட்டை சிம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், சித்திக்குத் தெரியாது.

“தூங்கிட்டியா கண்ணு?”

“இல்லீங்க சித்தி.”

“ஏன், இந்நேரம் வரைக்கும் முழிச்சுக்கிட்டு என்ன பண்றே?”

இதற்கு என்ன பதில் சொல்வது? பேசி முடிப்பதற்குள் இறக்கம் அறுந்துவிட்டது. ஆனாலும் இந்த ஆப்ட் நல்ல பிள்ளை. விட்ட இடத்திலிருந்து தொடரும். தொடர்ந்தது. 95, 98, 100. கண்ணில் நீர் வராத குறை. அப்போதுதான் அந்த வரி வந்தது: இறங்கிய கோப்பும் பட்டியலில் சொல்லப்பட்ட கோப்பும் ஒன்றல்லவாம். ஒட்டுப்போட்ட இடத்தில் எங்கோ பிசகிவிட்டது போலும். அந்த அரை ஜிபியைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து இறக்க வேண்டும்.

சென்னையில் ஃபைபர் இணைப்போடு வாழும் நண்பரிடம் புலம்பினால், “பிளாட்பேக்கில் போட்டுக்கொள், தொல்லையே இல்லை” என்கிறார். மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துத் தரும் இன்னொரு வழி அது. போய்ப் பார்த்தேன். சில எம்பி அளவுள்ள குறிப்பேட்டு நிரல் ஒன்று, தனக்கு அடித்தளமாகப் பல நூறு எம்பி இறங்க வேண்டும் என்கிறது. ஊறுகாய் கேட்டால், முதலில் கல்யாண மண்டபத்தைக் கட்டு என்பது என்ன நியாயம்?

கடைசியில், வேறொரு கணினியில் பொதிகளை இறக்கி வர உதவும் ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்ற கருவியில் வேண்டிய பெயர்களை மட்டும் கையால் எழுதிக் கொடுத்து, கிடைத்த சிறு கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இன்று காலை முதல் பேருந்தில் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சிக்குப் போனேன். அங்கே நண்பரின் கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாப் பொதிகளும் இறங்கிவிட்டன. திரும்பும் வழியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டே கணக்குப் போட்டேன்: 32 ஜிபி பென்டிரைவ் நிறையத் தரவோடு மூன்று மணி நேரத்தில் மலையேறும் அரசுப் பேருந்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 24 மெகாபிட். சன்னலோர இருக்கை கிடைத்தால் காற்றும் இலவசம்.

வீட்டுக்கு வந்து நிறுவினேன். ஒரு பிழைகூட இல்லை. லிப்ரே ஆபிஸைத் திறந்து இந்த வயிற்றெரிச்சலை எழுத உட்கார்ந்தபோதுதான், நான் கையால் எழுதிய பட்டியலில் தமிழ்99 விசைப்பலகைக்கான பொதியைச் சேர்க்க மறந்தது நினைவுக்கு வந்தது. சில எம்பி சமாச்சாரம்தான், ஆனால் இன்றைய ஒன்றரை ஜிபியில் மிச்சமிருந்ததை என் மகள் மாலையிலேயே கார்ட்டூன் பார்த்துத் தீர்த்திருந்தாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அவளும் காரணம் தெரியாமல் கூடவே சிரித்தாள். இதுவரை நீங்கள் படித்த அனைத்தும் கைப்பேசியில், ஒற்றைக் கட்டைவிரலால், தம்ளருக்குப் பக்கத்தில் நின்றபடி எழுதியது. 12 மணிக்கு இன்னும் 40 நிமிடங்கள் இருக்கின்றன. இரண்டாவது சிம்மைக் கழற்றி வைத்துவிட்டேன்.