மகஜரில் ‘இரசாயன ஆயுதம்’ என்று எழுதப் போகிறவர்களுக்கு

2009இல் இலங்கைப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவு நாளான மே 18 நெருங்கிவிட்டால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நினைவேந்தல் ஏற்பாடு ஒரு பக்கம், மலேசிய வெளியுறவு அமைச்சுக்குக் கொடுக்க மகஜர் (கோரிக்கை மனு) ஒரு பக்கம் என்று ஆரம்பித்துவிடும். வாட்ஸ்அப்பில் வலம் வரும் வரைவுகளில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: “சிரியாவில் இரசாயனக் குண்டு விழுந்ததும் உலகமே திரண்டது, முள்ளிவாய்க்காலில் விழுந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை.” கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொத்த மகஜரிலும் சுலபமாக உடைக்கக்கூடிய வரி இதுதான். இதை உடைத்துவிட்டு, மற்றதையும் சேர்த்து ஓரங்கட்டிவிடுவார்கள்.

2013 ஆகஸ்டு 21 அதிகாலை, டமாஸ்கஸ் புறநகரான கூத்தாவில் ராக்கெட்டுகள் விழுந்தன. அதற்கு மூன்று நாள் முன்புதான் வேறு ஒரு புகாரை விசாரிக்க, ஓகே செல்ஸ்ட்ரோம் தலைமையில் ஐ.நா. குழு அந்த நகரத்தில் வந்து இறங்கியிருந்தது. சம்பவ இடம் காரில் போய் வரும் தூரம். அப்படியிருந்தும் அவர்கள் உள்ளே கால் வைத்தது 26ஆம் தேதிதான். போகும் வழியில் அவர்களின் வாகனத்தை நோக்கி யாரோ சுட்டார்கள். கிடைத்த கொஞ்ச நேரத்தில் மண், ராக்கெட் துண்டு, உயிர் தப்பியவர்களின் இரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். ராக்கெட் குத்தி நின்ற கோணத்தை அளந்து, எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் குறித்தார்கள். செப்டம்பர் 16இல் வந்த அறிக்கை, சரின் என்ற நரம்பு நச்சு என்று சொன்னது. யார் போட்டது என்று சொல்லவில்லை. அதைச் சொல்லும் அதிகாரத்தையே அந்தக் குழுவுக்குக் கொடுக்கவில்லை.

அவ்வளவு அவசரமாக மாதிரி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. சரின் ஈரம் பட்டால் சிதைந்துபோகும். அதன் சிதைவுப் பொருள்தான் மண்ணிலும் இரும்பிலும் கொஞ்ச காலம் தங்கும். சிறுநீரில் தடயம் சில நாளில் போய்விடும். இரத்தப் புரதத்தோடு பிணைந்தது மட்டும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். குளோரின் இன்னும் மோசம். தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போடும் அதே சரக்குதான், காற்றோடு போய்விடும், தனக்கென்று ஒரு முத்திரையை விட்டுவைக்காது. 2018இல் சிரியாவின் டூமாவுக்குப் போன விசாரணையாளர்கள் மரக்கட்டைகளில் ஏறியிருந்த குளோரின் சேர்மங்களைத் தேட வேண்டியிருந்தது அதனால்தான்.

மாதிரியை எடுத்துவிட்டால் போதாது. எடுத்த இடம், நேரம், ஆள் எல்லாம் எழுதி, படம் பிடித்து, முத்திரை வைத்து, கை மாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அதைப் பிரித்து, இரசாயன ஆயுதத் தடை அமைப்பு அங்கீகரித்த இரண்டு ஆய்வகங்களுக்காவது அனுப்புவார்கள். கூடவே, எதுவுமே கலக்காத வெற்று மாதிரியும் வேண்டுமென்றே கலந்த மாதிரியும் எது எதுவென்று சொல்லாமல் போகும். வெற்று மாதிரியில் நச்சு ‘கிடைத்தால்’ அந்த ஆய்வக முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் எதிர்த்தரப்பு பத்து வருடத்துக்கு அந்த ஓட்டையைப் பற்றியே பேசும்.

நம் ஊர் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரி 13, கேஎல்ஐஏ2 விமான நிலையம், வட கொரியத் தலைவரின் மாற்றாந்தாய் அண்ணன் கிம் ஜோங் நாம் கொலை. உடல் கையில், கேமரா பதிவு கையில், ஆய்வகம் பெட்டாலிங் ஜெயாவில். பிப்ரவரி 24இல் விஎக்ஸ் என்ற நரம்பு நச்சு என்று போலீஸ் அறிவித்தது. இவ்வளவு இருந்தும் இரசாயன இலாகாவின் டாக்டர் இராஜா சுப்ரமணியம் ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்தில் ஏறி, எந்தச் சட்டையில் என்ன, நகத் துண்டில் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. சான்றுப் பொருளில் நச்சு இன்னும் வீரியத்தோடு இருந்ததால் நீதிபதியும் வழக்கறிஞர்களும் ஆய்வகத்துக்கே போய்ப் பார்த்தார்கள்.

இப்போது முள்ளிவாய்க்கால். 2009இல் அந்தக் கரையோரத்துக்குள் சுயாதீன விசாரணையாளர் யாரையும் விடவில்லை. மாதிரி எடுக்கும் ஆள் போனதே இல்லை. ஐ.நா. பொதுச் செயலாளர் வழியாக விசாரிக்கும் பொறிமுறை 1980களிலிருந்தே இருக்கிறது. ஓர் உறுப்பு நாடு கேட்டால் போதும், மொசாம்பிக்கின் உள்நாட்டுப் போருக்குக்கூட 1992இல் போனார்கள். இலங்கைக்கு அது இயங்கவே இல்லை. அதனால் ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 தருஸ்மன் அறிக்கை, கொத்துக் குண்டு (சிறு குண்டுகளைச் சிதறவிடுவது), வெண் பொசுபரசு, பிற இரசாயனங்கள் பற்றிய குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, முடிவுக்கு வர இயலவில்லை என்று நிறுத்திக்கொண்டது. நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை மகஜரில் எழுதுங்கள்.

இன்னொன்று: வெண் பொசுபரசை எரிக்கவும் புகை போடவும் பயன்படுத்தினால் அது இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கைக்குள் வராது, தீமூட்டும் ஆயுதங்களுக்கான சட்டம் வேறு. இரண்டையும் ஒரே வரியில் குழைத்தால் படிக்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். 1990இல் இலங்கை இராணுவத்தின் கிரான் முகாம் மீதான தாக்குதலில் புலிகள் குளோரின் விட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருப்பதையும் எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும், தயாராக இருங்கள்.

வலுவான சான்று கொத்துக் குண்டுக்குத்தான் இருக்கிறது, ஏனென்றால் இரும்பு ஆவியாகாது. 2012இல் புதுக்குடியிருப்பில் பழைய இரும்பாக விற்கக் குண்டைப் பிரித்த சிறுவன் இறந்தான்; அங்கே வெடிக்காத கொத்துக் குண்டுகள் கிடைத்ததாக ஐ.நா. கண்ணிவெடி நிபுணரின் மின்னஞ்சல் வெளியே வந்தது. இலங்கை அரசு மறுக்கிறது. இதை முதல் பத்தியில் வையுங்கள். ஏன் இரசாயனத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறோம் என்றே புரியவில்லை.

‘சிரியாவுக்கு நியாயம் கிடைத்தது’ என்பதும் பாதி உண்மை. சிரிய அரசைச் சுமார் 1,300 டன் இரசாயனத்தை அறிவிக்க வைத்து அகற்றினார்கள், அது பெரிய காரியம். 2017இல் தாக்கப்பட்ட கான் ஷேக்கூன் ஊரிலிருந்து அரசே கொண்டுவந்து கொடுத்த மாதிரியிலும் சரின் இருந்தது. யார் செய்தது என்று பெயர் சொல்ல 2015இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் தீர்மானம் 2235 ஒரு கூட்டுக் குழுவை அமைத்தது. அது அரசையும் சொன்னது, ஐஎஸ் தீவிரவாத இயக்கத்தையும் சொன்னது. 2017 நவம்பரில் ரஷ்யா வீட்டோ போட்டு அதன் ஆயுளை முடித்தது. எந்த சர்வதேச நீதிமன்றத்திலும் இதற்காக ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

அந்த 2235க்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களில் மலேசியாவும் உண்டு. அப்போது பாதுகாப்பு மன்றத்தில் நமக்கு இடம் இருந்தது. 2022 அக்டோபர் 6இல், இலங்கை குறித்த சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியை நீட்டிக்க ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் தீர்மானம் 51/1 வந்தபோது இதே மலேசியா ஆதரவும் தரவில்லை, எதிர்க்கவும் இல்லை, ஒதுங்கிக்கொண்டது. மகஜரில் சிரியாவைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டு வாக்குகளையும் தேதியோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். நகலை நம் எம்பிக்களிடம் கொடுத்து மக்களவையில் வாய்மொழிக் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள்.